ஆவாரங்குளத்துத் தீர்மானப் புத்தகம்

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவதில் ஒரு தலைவலி உண்டு. அவர்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கிள்ளானில் எங்கள் மகளிர் மன்றம் ஒரு புத்தகம் போடுகிறது. அரசியல், போராட்டம், எழுத்து, அறிவியல் என்று நான்கு பகுதி, மொத்தம் நாற்பது பெண்கள். செத்துப்போனவர்களை எல்லாம் மன்றத்துக் கெட்டிக்காரிகள் முதல் கூட்டத்திலேயே பங்கு போட்டுக்கொண்டார்கள். நூலகத்தில் ஏர்கோனுக்கு அடியில் உட்கார்ந்தே எழுதிவிடலாம் பாருங்கள். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அதிலும் ஒண்டிக்கட்டை. உயிரோடு இருந்த இரண்டு பேரையும் என் தலையில் கட்டினார்கள். இரண்டு பேரும் திண்டுக்கல் பக்கத்துக்காரர்கள். ஏப்ரல் கடைசியில் போகாதே, வெயில் கொன்றுவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். யார் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் காலை பத்து மணிக்கே தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. எங்கள் ஊரிலும் வெயில்தான். ஆனால் அங்கே மத்தியானம் ஒரு மழை வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும். இங்கே அந்த மரியாதை எல்லாம் கிடையாது.

லாட்ஜ் மேனேஜர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "சொந்த ஊரு எதும்மா?" என்றார்.

"கிள்ளான்."

"அது சரிம்மா. சொந்த ஊரு?"

"கிள்ளான்தான்யா. அங்கேதான் பிறந்தேன்."

"பூர்வீகத்தைக் கேக்குறேன்."

தெரியாது என்றேன். என் தாத்தாவே அதைச் சொல்லவில்லை. மேனேஜர் ரொம்பவும் பரிதாபப்பட்டு, "மூக்கைப் பாத்தா மானாமதுரைப் பக்கம் மாதிரி இருக்கு" என்று ஆறுதல் சொல்லி சாவியைக் கொடுத்தார்.

மதியம் பிரியாணி. பொடி அரிசி, மிளகுக் காரம், கறி வாயில் வைத்ததும் பிரிந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கப்படவில்லை. டம்ளரை நீட்டித் தண்ணீர் கேட்டபோதுதான் பரிமாறியவர் தயங்கினார். "பாட்டில் வாங்கிக்கங்கம்மா. வெளியூருக்காரவுகளுக்குச் சாதாத் தண்ணி ஒத்துக்காது. உப்புக் கரிக்கும்." பக்கத்து மேசையில் ஒருவர் அதே சாதாத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளூர்க்காரராம்.

நான் பார்க்க வந்த முதல் ஆள், கனகவல்லி மேடம். மகளிர் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். சமையலறை அலமாரியில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வரிசையாக கண்ணாடிப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஊர்ப்பெயர், யார் வீட்டுக் கிணறு என்ற குறிப்பு. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைகள் உண்டு. இங்கே அதைத் 'தோல் ஷாப்' என்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துவந்து, தன் பென்ஷனில் கெமிக்கல் வாங்கி, இந்தச் சமையலறையிலேயே சோதித்து எழுதி வைத்திருக்கிறார்.

"என்னைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "நான் தண்ணியப் பாத்தேன், எழுதுனேன். அந்தக் காகிதத்தைத் தூக்கிட்டு நான் ஏறாத ஆபீஸ் கிடையாது. எல்லாரும் காபி குடுத்தாங்க. செல்வராணி காகிதமே இல்லாம ரோட்டுல போய் உக்காந்தா. லாரி நின்னுச்சு. நீங்க அவளைப் பத்தி எழுதுங்க."

செல்வராணிதான் என் இரண்டாவது ஆள். நிலக்கோட்டைப் பக்கம் ஆவாரங்குளம் என்ற ஊரின் ஊராட்சித் தலைவி. பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்று ஜெயித்தவர். அந்த ஊர்க் கண்மாயை ஒட்டிய புறம்போக்கில், ஒரு தோல் ஷாப்பின் கழிவுச் சகதியைக் கொட்டிவைக்க இடம் கேட்டிருந்தார்கள். மண் ஏற்றிய முதல் லாரி வந்த அன்று அந்தப் பெண்மணி ஊர்ப் பெண்களைக் கூட்டிப்போய் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் செய்தி எங்கள் ஊர்ப் பத்திரிகைவரை வந்தது. அதைப் பார்த்துத்தான் மன்றத்தார் அவரைப் புத்தகத்தில் சேர்த்தார்கள்.

"இப்ப எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டேன்.

"நாளன்னைக்கு மே தினம். கிராமசபைக் கூட்டம். இடம் தர முடியாதுன்னு ஊரு கூடித் தீர்மானம் போட்டுக் குடுத்தா கலெக்டர் ஆபீஸ்ல நிறுத்திடுவாங்க. போடலைன்னா தோல் ஷாப்காரன் வேலி போட ஆரம்பிச்சிடுவான். அந்த ஊருக் கிணறு ஒண்ணுகூட இன்னும் கெடலை டீச்சர். நான் பாத்ததுலயே நல்ல தண்ணி அதுதான்." உடனே எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் இருவரும் பஸ் ஏறினோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாதாம். நான் நேர்மையாகப் பணத்தை நீட்டி, "நான் மலேசியா, எனக்கு இது செல்லுமா?" என்றேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மலேசியாவா இருந்தா என்ன, மானாமதுரையா இருந்தா என்ன, பொம்பளதானேம்மா" என்று இலவசச் சீட்டைக் கிழித்துக் கையில் திணித்தார். திரும்பவும் மானாமதுரை! அந்த ஊரில் எனக்கு யாரோ இருக்கத்தான் வேண்டும்.

செம்பட்டி தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் பஞ்சர். எங்கள் ஊரில் இதற்குள் பத்துப் பேர் போனை எடுத்துப் புகார் அடித்திருப்பார்கள். இங்கே பெண்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதிரே நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூ ஏற்றிய வேன்கள் பறந்தன. ஒவ்வொன்று தாண்டும்போதும் ஒரு வீச்சு மல்லிகை வாசம், பின்னாலேயே டீசல். கால் மணி நேரம் நடந்தபின் ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது. அதில் ஏற்கெனவே ஒன்பது பேர். நான் ஒரு பூ மூட்டையின் மேல் உட்கார்ந்து, "ஏம்மா, அது மொட்டும்மா, மெத்தையில்ல!" என்று திட்டு வாங்கினேன்.

ஊராட்சி மன்ற அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் ஒரு மீசைக்காரர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலைவியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நாந்தேன். சொல்லுங்க."

கனகவல்லி மேடம் என் காதில், "வீட்டுக்காரர், முருகேசன்" என்றார். வாசலில் மே தின வரவேற்பு பேனர் கட்டியிருந்தது. அதில் முருகேசன் வேட்டியில் முழு உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். மூலையில் தபால்தலை அளவில் ஒரு பெண் முகம். எனக்கு வந்ததே கோபம்! "தேர்தல்ல நின்னது யாரு சார்?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் கடுப்பேற்றியது. "நம்ம வீட்லதேன் நின்னாக. அவுக தோட்டத்துல இருக்காக. ஆபீஸ் சோலியெல்லாம் நாந்தேன் பாத்துக்குறது. டீ சாப்டுறீகளா?"

செல்வராணி மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து மொட்டு எடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பார்க்காமலே பறிக்கிறார், பேச்சு மட்டும் எங்களோடு. வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், விரிந்தால் சந்தையில் சீந்த ஆள் கிடையாது. அதனால் பேட்டியை நானும் குனிந்தபடியே எடுத்தேன். என் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை.

"பயமா இல்லையா, லாரி முன்னாடி உட்கார?"

"பயந்தேன் டீச்சர். லாரிக்காரன் ஆரன் அடிச்சப்ப ஒண்ணுக்கே வந்திருச்சு. பாண்டியம்மாக்கா கையைப் புடிச்சிருந்துச்சு, அதான் எந்திரிக்காம இருந்தேன்."

அடுத்த பாத்தியிலிருந்து பாண்டியம்மா நிமிர்ந்தார். ஐம்பதைத் தாண்டிய, வாட்டசாட்டமான பெண். "ஆத்தி! பொய் சொல்றா. நான் ஓடிருவேன்னு இவதேன் என் கையைப் புடிச்சிக்கிட்டா" என்றார். பறித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். செல்வராணி சொன்னால் கிணற்றில்கூடக் குதிப்பார்கள் போலிருந்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது. இந்தப் பக்கத்தை நன்றாக எழுதிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

பத்து மணிக்குப் பூ சந்தைக்குப் போனது. பாண்டியம்மா வீட்டில் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் மன்றத்தின் ஒப்புதல் படிவத்தை எடுத்தேன். 'என் வாழ்க்கைக் குறிப்பை வெளியிடச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே விவரம் எழுதப் பாதிப் பக்கம் காலி, அடியில் கையெழுத்து. விவரத்தை நான் ஊருக்குப் போய் நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

"கீழே மட்டும் போடுங்கம்மா. மேலே நான் எழுதிக்கிறேன்."

அவர் ஒரு வார்த்தை படிக்கவில்லை. பேனாவை வாங்கிச் சர்ரென்று போட்டுவிட்டு, "இதுக்குப் போயி தயங்குறீகளே டீச்சர். நம்ம தீர்மான நோட்டுல ஒரே மூச்சுல பத்துப் பக்கத்துக்குப் போட்டுக் குடுப்பேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

கனகவல்லி மேடம் கை கழுவிக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றார். "என்ன சொன்ன? எழுதாத பக்கத்துலயா?"

"ஆமா மேடம். பூ எடுக்குற நேரத்துல ஊராட்சிச் செயலர் நோட்டோட வந்து நிப்பாரு. ஈரக் கையி. ஒவ்வொரு மட்டமும் எங்க போக? மொத்தமாப் போட்டுக் குடுத்துட்டா அவுகளே கூட்டத்துல பேசுனதை எழுதிக்குவாக. ஊரே அப்பிடித்தேன். கூட்டத்துக்கு வந்ததும் முதல்ல கையெழுத்து, பெறகுதேன் பேச்சு. இல்லாட்டி பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிருவாகல்ல?"

"நோட்டு யார்கிட்ட இருக்கு?"

"வீட்ல, எங்க வீட்டுக்காரவுக பீரோவுல."

"ஜனவரியில நடந்த குடியரசு தினக் கிராமசபையிலயும் இப்படித்தானா?"

செல்வராணி எழுந்து வீட்டுக்குப் போனார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பிவந்தார். "சாவி டவுன்ல இருக்காம். நாளைக்குக் கூட்டத்துல பாத்துக்கச் சொல்றாக. ஒண்ணும் இருக்காது மேடம்." சொல்லிவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்து, சும்மா இருந்த கையால் காய்ந்த பூக்காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தார். நான் படிவத்தைப் பைக்குள் வைக்கப் பிடிக்காமல், அங்கேயே விவரத்தை எல்லாம் எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு, 'படித்துப் பார்க்காமல் பேர் எழுதாதே' என்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

மே தினத்தன்று கூட்டம் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில். எங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் என்றால் பிளாஸ்டிக் நாற்காலியும் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலமும் இருக்கும். இங்கே பெண்கள் தரையில், ஆண்கள் சுவரோரம் நின்றபடி, தட்டில் மிக்சர், பாட்டிலில் கலர் சோடா. செயலர் அந்தத் தீர்மான நோட்டைக் கொண்டுவந்து முன்வரிசையில் நீட்டினார். பாண்டியம்மா வழக்கம்போல் பேனாவை வாங்கப் போனார். செல்வராணி எட்டி அவர் கையைப் பிடித்தார். "யக்கா, இரு. முதல்ல வாசிக்கட்டும்."

ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூட்டத்தைக் கவனிக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். இளைஞர்தான், சத்தம் போடாத மனுஷர். தோல் ஷாப் விஷயம் வந்தபோது அவர் ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்தார். "இதுல ஏற்கெனவே தீர்மானம் இருக்கேம்மா. குடியரசு தினக் கூட்டத்துல, கண்மாய்ப் புறம்போக்கைக் கழிவுக் கிடங்குக்குக் குடுக்க ஆட்சேபணை இல்லைன்னு ஏகமனதா நிறைவேத்திருக்கீங்க. தலைவர் கையெழுத்து இருக்கு. பொதுமக்கள் கையெழுத்தும் இருக்கு." பிறகு பெயர்களை வாசித்தார். பாண்டியம்மாள் என்ற பெயர் மூன்றாவதாக வந்தது.

முன்வரிசையே பாண்டியம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

பாண்டியம்மா எழுந்தார். "நான் எப்ப சாமி குடுத்தேன்? நான் ரோட்டுல படுத்தவ!" அதிகாரி காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். கோணல்மாணலான எழுத்து, அவருடையதேதான். பாண்டியம்மா அதைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பிச் செல்வராணியைப் பார்த்தார்.

என் பக்கத்தில் கனகவல்லி மேடம் செல்வராணியின் சேலையைப் பிடித்து இழுத்து, கிசுகிசுவென்று, "உன் கையெழுத்து இல்லைன்னு சொல்லிடு. போலின்னு சொல்லு. விசாரணைன்னு வந்தா ஒரு வருஷம் ஓடும்" என்றார். வாழ்நாள் முழுக்க சொட்டுச் சொட்டாக அளந்து உண்மையை எழுதிய மனுஷி. அவர் வாயால் அதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிட மாட்டாளா என்று நானும்தான் ஆசைப்பட்டேன்.

"அப்பிடிச் சொன்னா நோட்டைக் கொண்டுவர்ற செயலருதேன் பாவம், ஜெயிலுக்குப் போவாரு மேடம்" என்றார் செல்வராணி. பிறகு எழுந்து நின்றார்.

"கையெழுத்து என்னுதுதேன். வெறும் பக்கத்துல போட்டுக் குடுத்தேன். மேல எழுதுனது எனக்குத் தெரியாது. உங்களையும் நாந்தேன் போடச் சொன்னேன். தப்பு என்னுது." அவ்வளவுதான் பேசினார்.

"எழுதுனது யாரு?" என்று சுவரோரத்திலிருந்து ஒருவர் கேட்டார். எல்லாருக்கும் தெரியும் யாரென்று. முருகேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தோல் ஷாப்காரக ஊருக்கு ரோடு போட்டுத் தாரேன்னாக. நம்ம மகனுக்கும் சூப்பர்வைசர் வேலை சொல்லியிருக்காக. திருப்பூர்ல கெடந்து சாகுறான் பய. இதுல என்ன தப்பு?" என்றார். சொன்ன கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது மனைவியைப் பார்த்து, "வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்றார். அந்தக் குரலை நான் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திட்டதாகத் தலைவர் ஒப்புக்கொண்டார் என்பதையும் எழுதினார். அதற்கு நோட்டீஸ் வரும், பதவிகூடப் போகலாம் என்று வருத்தத்தோடுதான் சொன்னார். "ஆனா பழைய தீர்மானத்தை ரத்து பண்ணி இப்பவே புதுசா ஒண்ணு போடலாம்மா. கோரத்துக்கு, அதாவது குறைஞ்சபட்ச எண்ணிக்கைக்கு, வேண்டிய கையெழுத்து இருக்கணும். இருந்தா நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்."

எனக்கு மூச்சு வந்தது. இருநூறு பேர் இருக்கும் கூட்டம், கையெழுத்துக்கா பஞ்சம்?

செல்வராணி நோட்டை மடியில் வைத்துத் தானே எழுதினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து, ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம் ஆனது. இடம் தர முடியாது, முன்பு எழுதியது செல்லாது. முடித்ததும் கடைசி எழுத்துக்கு அடியிலேயே கோடு போட்டார். அதன் மேல் யாரும் ஒரு சொல்லைச் செருக முடியாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் காலியாகக் கிடந்த பக்கங்களை எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாகப் புரட்டிக் குறுக்கே அடித்தார். எழுதியதைச் சத்தமாக இரண்டு தடவை வாசித்தார். பிறகு கீழே தன் பெயரைப் போட்டுவிட்டு நோட்டைப் பாண்டியம்மாவிடம் நீட்டினார்.

பாண்டியம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"யக்கா, நல்லதுக்குத்தேன். வாசிச்சேன்ல?"

"நீ வாசிச்சே. போன மட்டமும் நீ சொன்னேன்னுதேன் போட்டேன். இப்ப ஆபீசரு காயிதத்துல நான் எழுதிக் குடுத்த கணக்கா நிக்கிது. எங்க வீட்டு ஆளு அதைக் கேட்டா என் தோலை உரிச்சிரும். எனக்கு இனி அந்த நோட்டே வேணாம்த்தா."

நோட்டு அடுத்தவருக்குப் போனது. அவர் அதைத் தொடாமல் அடுத்தவரைக் காட்டினார். ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள், அவளைப் பார்த்து நாலு பேர். ஆண்கள் ஏற்கெனவே கலைந்திருந்தார்கள். ஏழெட்டுப் பேர் போட்டார்கள், அதில் இரண்டு கைநாட்டு. நான் என்ன செய்வேன்? நான் வெளிநாட்டுக்காரி. கனகவல்லி மேடத்துக்கு ஓட்டு டவுனில். அவர் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதிகாரி ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'கோரமின்மையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதி நோட்டைக் கையோடு எடுத்துப்போனார்.

செல்வராணி அழுவார் என்று நினைத்தேன். அவர் மேடத்திடம் வெள்ளைத்தாள் இருக்கிறதா என்று கேட்டார். கலெக்டருக்கு ஒரு மனு, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கலாம், நாலு பேர் கண்ணுக்கு முன்னால் போடத்தானே கூச்சம் என்றார். மேடம் ஓரம்வரை இடமே விடாமல் மனுவை நெருக்கி எழுதிக்கொடுத்தார். நாங்கள் மூவரும் கிளம்பினோம். சாயங்காலம் நாலு மணிக்கும் வெயில் மண்டையைப் பிளந்தது.

எந்த வீட்டிலும் கதவைச் சாத்தவில்லை. "வாங்க, உக்காருங்க" என்றார்கள். ஒரு வீட்டில் மாம்பழம் அறுத்து வைத்தார்கள். என்னிடம் மலேசியாவில் தங்கம் என்ன விலை என்று கேட்டார்கள். தாளை நீட்டினால் மட்டும், அவுக வரட்டும் கேட்டுட்டுச் சொல்றேன் என்பார்கள், கண்ணாடி இல்லை என்பார்கள், சாமி கும்பிட்டுட்டு வாரேன் என்று உள்ளே போனவள் வரவேயில்லை. ஒரு கல்லூரிப் பெண் மட்டும் முழுசாகப் படித்துப் பார்த்துப் போட்டாள். அவள் அம்மா உள்ளேயிருந்து வந்து, தாளைச் செல்வராணி கையிலிருந்து மெதுவாக வாங்கி, மகள் பேரைப் பேனாவால் அடித்துவிட்டு, "கோவிச்சுக்காத" என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அந்த இடத்தில் கத்தவேண்டும் போலிருந்தது. இவள் உங்களுக்காக லாரி முன்னால் உட்கார்ந்தவள் இல்லையா, அடப்பாவிகளா! கத்தவில்லை. நாளைக்கு நான் விமானம் ஏறிப் போய்விடுவேன், அந்த அம்மாள் இங்கேதான் குடும்பம் நடத்த வேண்டும்.

இருட்டுவதற்குள் கடைசியாகப் பாண்டியம்மா வீட்டுக்குப் போனோம். அவர் வாசலிலேயே நின்றிருந்தார். தெருவில் நாங்கள் ஏறி இறங்கியதை எல்லாம் பார்த்திருக்கிறார். செல்வராணி ஒன்றும் கேட்கவில்லை. தாளை நீட்டவும் இல்லை. முகமெல்லாம் வியர்வை, உதடு வெடித்திருந்தது.

பாண்டியம்மா கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கும் சத்தமும் ஏறும் சத்தமும் கேட்டது. ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து செல்வராணி கையில் கொடுத்தார்.

"குடிச்சுக்கத்தா" என்றார். "இன்னும் நல்லாத்தேன் இருக்கு."

செல்வராணி செம்பை உயர்த்தி, நிறுத்தாமல் குடித்து முடித்தார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஊற்றினார்கள். அவ்வளவு நல்ல தண்ணீர் நான் குடித்ததே இல்லை.